நிகழ்த்துகலைஞரின் முதல் தனிக்கண்காட்சி: திட்டமிடுவதிலிருந்து படைப்புகளைக் கழற்றி இறக்கும் நாள் வரை

நிகழ்த்துகலைஞர் ஒருவர், அதாவது பார்வையாளர் முன் தன் உடலாலும் செயலாலும் படைப்பவர், முதல் தனிக்கண்காட்சிக்குத் தயாராகும்போது, மனம் முழுக்கத் திறப்பு மாலையிலேயே இருக்கும். அன்று என்ன செய்வது, எவ்வளவு நேரம் செய்வது, என்ன உடுத்துவது என்றே யோசனை ஓடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் பலருடைய கண்காட்சிகளில் கூடமாட நின்று வேலை செய்தபோதுதான் தடுமாற்றம் எங்கே வருகிறது என்று புரிந்தது. திறப்பு மாலை பெரும்பாலும் நன்றாகவே நடந்துவிடுகிறது. மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த மறுநாள் காலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது எப்படி என்று இங்கே எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் எடுக்கும் முடிவு அடுத்த படிக்குத் தேவைப்படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆறு மாத அவகாசம். மூன்று மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. ஆனால் பிரிண்ட், பிரேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து மோதும். ஒத்திகைக்கான நாட்களைத்தான் அது தின்றுவிடும்.

அடுத்து, இதுவரை செய்த நிகழ்த்துதல்களின் மூலப் பதிவுகள். இணையத்தில் ஏற்றிய சுருக்கப்பட்ட பிரதிகள் போதாது. கேமராவிலிருந்து இறக்கிய கோப்புகளே வேண்டும்.

மூன்றாவது, அந்தப் படங்களை எடுத்தவர்களின் எழுத்துபூர்வமான அனுமதி. படத்தில் இருப்பது உங்கள் உடல்தான். ஆனாலும் பல நாடுகளில், வேறு ஏற்பாடு எழுத்தில் இல்லாவிட்டால், ஒளிப்படத்தின் காப்புரிமை எடுத்தவருக்கே. நண்பர்தானே என்று விட்டுவிடுவார்கள். அந்தப் படத்தைப் பிரேம் போட்டு மாட்டி விலை வைத்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால், நட்பும் போகும், படத்தையும் சுவரிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, உதவிக்கு இரண்டு பேர். நிகழ்த்தும்போது உங்களைக் கவனிக்க ஒருவர், கண்காட்சியைக் கவனிக்க இன்னொருவர். இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தால், ப்ரொஜெக்டர் அணைந்துபோன நேரத்தில் உங்களைப் பார்க்க ஆள் இருக்காது.

1. முதலில் மணிக்கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் மொத்தம் 168 மணி நேரம். நீங்கள் மூன்று மணி நேர நிகழ்த்துதலை இரண்டு முறை செய்யப்போகிறீர்கள் என்றால் அது 6 மணி நேரம். மீதி 162.

அந்த 162 மணி நேரத்தில் உள்ளே வருகிறவருக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு பத்தியில் பதில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் கண்காட்சிக் கூடத்துக்குத் தேதி சொல்லாதீர்கள். திறப்பு மாலைக்கு வந்தவர்களைவிட மற்ற நாட்களில் தனியாக வந்து நிற்பவர்கள்தான் நிதானமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வெறும் சுவரையும் ஒரு டிவியையும் காட்டி அனுப்புவது நியாயமில்லை.

2. உடல் எப்போது கூடத்தில் இருக்கும்

மணிக்கணக்கு தெரிந்த பிறகு இதை முடிவு செய்யலாம். வழிகள் நான்கு.

முழு நேரமும் இருப்பது முதல் வழி. 2010இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் ஏறத்தாழ மூன்று மாதம், அருங்காட்சியகம் திறந்திருந்த நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொத்தம் 700 மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சியும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆட்களும் இருந்தார்கள். முதல் தனிக்கண்காட்சிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, சில நாட்கள் மட்டும் தொடர்ந்து இருப்பது. 1974இல் ஜெர்மானியக் கலைஞர் யோசஃப் பாய்ஸ் நியூயார்க்கின் ரெனே பிளாக் கேலரியில் ஒரு கயோட்டியுடன், அதாவது வட அமெரிக்கக் காட்டு நாயுடன், மூன்று நாள் இருந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம்.

மூன்றாவது, அறிவித்த நேரங்களில் மட்டும் நிகழ்த்துவது. புதியவர்களுக்கு இதுவே சரி. வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மாறிக்கொண்டே இருந்தால் வந்தவர் ஏமாந்து திரும்புவார், இன்னொரு முறை வரமாட்டார்.

நான்காவது, பயிற்சி கொடுத்து வேறு ஆட்களைச் செய்ய வைப்பது. அப்ரமோவிச்சின் அதே 2010 கண்காட்சியில் அவருடைய பழைய படைப்புகளை மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு நிகழ்த்தினார்கள். இந்த வழிக்குப் பயிற்சி நேரமும் ஒவ்வொருவருக்கும் சம்பளமும் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் நண்பர்களைக் கூப்பிட்டால், இரண்டாவது வாரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

3. எதை மாட்டுவது: ஆவணமா, படைப்பா

எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது. இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் பொருளையும் எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது நடந்ததற்குச் சாட்சியா, அல்லது தன்னந்தனியாக நிற்கக்கூடிய ஒன்றா? இரண்டுக்கும் கண்காட்சியில் இடம் உண்டு. ஆனால் மாட்டும் முறை வேறு. சாட்சியைச் சின்ன அளவில், குறிப்போடு, கண்ணாடிப் பெட்டியிலோ மேசையிலோ வைக்கலாம். படைப்பாக நிற்பதற்குச் சுவரும் வெளிச்சமும் சுற்றிலும் வெற்றிடமும் வேண்டும். சாட்சிப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் அது படைப்பாகிவிடாது. நல்ல விழா ஒன்றின் புகைப்படம் மாதிரிதான் இருக்கும்.

ஆவணமே வேலையின் உறுப்பாக இருக்க வேண்டுமென்றால், அதை நிகழ்த்துவதற்கு முன்பே திட்டமிட வேண்டும். நிகழ்த்துகலைஞர் டேசிங் ஷே 1980 ஏப்ரலிலிருந்து 1981 ஏப்ரல் வரை ஓராண்டு, இரவும் பகலும், மணிக்கு ஒரு முறை தொழிற்சாலை வருகைப் பதிவுக் கடிகாரத்தில் அட்டை குத்தினார். ஒவ்வொரு முறையும் சினிமா பிலிமில் ஒரே ஒரு பிரேம் மட்டும் படம் எடுத்தார். தொடங்கும் முன் தலையை மழித்துக்கொண்டார். அதனால் காலம் போவது முடியின் நீளத்தில் தெரிகிறது. அட்டைகளில் சாட்சியின் கையெழுத்து உண்டு. 8,760 முறையில் தவறவிட்ட 133 முறைக்கும் கணக்கு வைத்திருந்தார். இன்று அந்த அட்டைகளும் உடையும் கடிகாரமும் இருக்கும் அறைக்குள் போகிறவருக்கு, அவர் அங்கே இல்லாத குறை தெரியாது. தவறியதையும் எழுதி வைத்ததால்தான் மற்றதை நம்ப முடிகிறது. உங்கள் பதிவுகளிலும் தவறிய இடத்தை வெட்டிவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. கலைஞர் டினோ சேகல் தன் படைப்புகளைப் படமெடுக்க விடுவதில்லை. விற்பனையைக்கூட எழுத்தில் இல்லாமல், நோட்டரி முன்னிலையில் வாய்மொழியாகவே முடிக்கிறார். அதுவும் முழுமையான முடிவுதான். ஆனால் அப்படிச் செய்தால் 162 மணி நேரமும் யாராவது ஒருவர் கூடத்தில் நிகழ்த்திக்கொண்டிருக்க வேண்டும். பாதி அப்படி, பாதி இப்படி என்று இருக்க முடியாது.

தேர்வு முடிந்ததும் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், விளக்கிச் சொன்னால்தான் புரியும் என்று நீங்களே நினைப்பவற்றை முதலில் எடுங்கள்.

4. வெறும் கூடத்தில் அரை நாள்

கூடத்தைக் காலியாக இருக்கும்போது பார்க்கக் கேளுங்கள். வேறொருவரின் கண்காட்சி மாட்டியிருக்கும்போது பார்த்தால் சுவர் எது, தடுப்பு எது என்றே தெரியாது.

அளவெடுக்கும் டேப், சுண்ணாம்புக் கட்டி, போன், அதற்கு ஒரு சார்ஜர். இவ்வளவு போதும். சுவர்களின் நீள உயரம், கதவின் அகலம், பிளக் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது, எந்த ஸ்விட்ச் எதை அணைக்கிறது, ஜன்னல் வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று எல்லாவற்றையும் குறியுங்கள். சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் போட்டுப் பாருங்கள். வேலை செய்யாத பிளக் கட்டாயம் இருக்கும்.

அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, நிகழ்த்தப்போகும் இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். வழவழப்பான சிமெண்டுத் தரை பார்க்க அழகாக இருக்கும். இருபது நிமிடத்தில் குளிர் பாதத்திலிருந்து கணுக்காலுக்கு ஏறும், நாற்பதாவது நிமிடம் இடுப்பில் தெரியும். ஏசிக் காற்று நேராகப் பிடரியில் வந்து விழும் இடம் எது என்பதும் அப்போதுதான் தெரியும். தரையைச் சுண்ணாம்பில் குறித்துவைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று இன்னொரு முறை பாருங்கள். நான் நிற்கும் இடத்தை இப்படி இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

பார்வையாளர் எங்கே நிற்பார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 1965இல் டுசெல்டார்ஃபில் பாய்ஸ் இறந்த முயலுக்குப் படங்களை விளக்கியபோது கேலரியின் கதவைப் பூட்டிவிட்டார். வந்தவர்கள் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். அந்த ஒரு முடிவே வேலையின் பாதி. உங்கள் கூடத்தில் தூணோ படிக்கட்டோ இருந்தால், அதைத் தடையாக நினைக்கும் முன் அதற்குப் பின்னால் நின்று பாருங்கள்.

5. ஒப்பந்தம்

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். கூடம் ஒப்பந்தம் தராவிட்டால் நீங்களே ஒரு மின்னஞ்சலில் எழுதி, சம்மதம் என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான ஓவியக் கண்காட்சி ஒப்பந்தத்தில் இல்லாத, உங்களுக்கு மட்டும் வேண்டிய விஷயங்கள் இவை:

நிகழ்த்துவதற்குத் தனி ஊதியம் உண்டா என்பது முதலாவது. கண்காட்சிக் கட்டணமும் நிகழ்த்தும் கட்டணமும் வேறு வேறு. ஒத்திகை நாட்களும் வேலை நாட்களே.

உடை மாற்ற அறை, தண்ணீர், கழிப்பறை, நிகழ்த்திய பின் ஒரு மணி நேரம் படுக்க இடம். 1972இல் கலிஃபோர்னியாவில் கலைஞர் கிறிஸ் பர்டன் கேலரிக்குள் ஒரு கட்டில் போடச் சொல்லி 22 நாள் அதிலேயே படுத்திருந்தார். வேறெதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கழிப்புக்கும் கூடத்தை நடத்தியவரே தன் போக்கில் வழி பார்க்க வேண்டியிருந்தது. அந்த மௌனம் அவருடைய படைப்பின் உள்ளே இருந்தது. உங்கள் படைப்பு அதைக் கேட்கவில்லை என்றால், எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

காப்பீடு இரண்டு வகையில் வேண்டும். பொருட்களுக்கு, உங்கள் கையை விட்டுப் போகும் நேரத்திலிருந்து திரும்ப வந்து சேரும் வரை. ஆட்களுக்கு, உங்களுக்கும் பார்வையாளருக்கும் காயம் பட்டால். நெருப்பு, கண்ணாடி, உயரம், தண்ணீர் எதுவாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மறைத்துச் செய்தால் காப்பீடு செல்லாமல் போகலாம்.

கடைசியாக விற்பனை. வீடியோவும் ஒளிப்படமும் பெரும்பாலும் இத்தனை பிரதிதான் என்று எண்ணிக்கை வைத்து, எடிஷனாகத்தான் விற்கப்படும். எத்தனை பிரதி, கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதி எத்தனை, கூடத்தின் பங்கு எவ்வளவு, வாங்குபவருக்கு என்ன சான்றிதழ் என்பதை எழுதுங்கள். எண்ணிக்கையைப் பிறகு கூட்ட முடியாது. ஏற்கெனவே வாங்கியவருக்குச் செய்யும் துரோகம் அது. மறுபடி நிகழ்த்தும் உரிமையையும் விற்கிறீர்களா இல்லையா என்று ஒரு வரி இருக்கட்டும்.

6. உடலும் பார்வையாளரும்

உங்களைக் கவனிக்கும் அந்த ஒருவருக்கு நிகழ்த்துதலை நிறுத்தும் அதிகாரம் கொடுங்கள். உங்களைக் கேட்காமலே நிறுத்தலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் கேட்கும் நிலையில் நீங்கள் இல்லாமல் போகலாம். 1974இல் பெல்கிரேடில் எரியும் நட்சத்திர வடிவத்துக்குள் படுத்த அப்ரமோவிச், நெருப்பு ஆக்ஸிஜனை இழுத்துவிட்டதால் நினைவிழந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கவனித்துத் தூக்கியதால் தப்பித்தார். அசையாமல் கிடப்பதே வேலை என்னும்போது, மயங்கிவிட்டாரா இல்லையா என்று வெளியிலிருப்பவருக்குத் தெரியாது. அதனால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடது கைவிரல் ஒன்றை அசைப்பது போல. அசையவில்லை என்றால் அவர் வரவேண்டும்.

பார்வையாளர் பங்கெடுக்கும் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதே 1974இல் நேப்பிள்ஸில் அப்ரமோவிச் ஒரு மேசையில் 72 பொருட்களை வைத்து, ஆறு மணி நேரம் யாரும் தன்மேல் எதையும் பயன்படுத்தலாம் என்று விட்டார். பூவும் இருந்தது, துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன. கடைசியில் ஒருவர் துப்பாக்கியை அவர் தலைக்கு நேரே கொண்டுபோனார், மற்றவர்கள் தடுத்தார்கள். யாராவது தடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் திட்டம் போடாதீர்கள்.

வருகிறவரின் சம்மதமும் அதே அளவு முக்கியம். 1977இல் போலோஞ்ஞாவில் அப்ரமோவிச்சும் அவரோடு சேர்ந்து படைத்த கலைஞர் உலாயும் வாசலில் ஆடையின்றி எதிரெதிரே நின்றார்கள். உள்ளே போகிறவர் அந்த இடுக்கில் உடல் உரசித்தான் போக வேண்டும். 2010இல் அதே படைப்பு மறுபடி நிகழ்ந்தபோது போக வேறு வழியும் இருந்தது. படைப்பின் இறுக்கம் அதில் கொஞ்சம் தளர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கண்காட்சியில் நான் இரண்டாவது வழி வைப்பேன். சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையோடு வருபவர், யாரும் தொடக்கூடாது என்று நினைப்பவர் எல்லாரும் உள்ளே வரட்டும். நிர்வாணம், ரத்தம், உரத்த சத்தம், விட்டு விட்டு மின்னும் வெளிச்சம் இருந்தால் வாசலிலேயே அறிவிப்பு வையுங்கள்.

7. வீடியோவும் ஒலியும்

ஒரே அறையில் இரண்டு வீடியோவுக்குத் திறந்த ஸ்பீக்கர் வைக்காதீர்கள். இரண்டும் கெட்டுவிடும். ஒன்றுக்கு ஸ்பீக்கர், மற்றதற்கு ஹெட்ஃபோன்.

ப்ரொஜெக்டர் எடுக்கும் முன் அதன் த்ரோ விகிதத்தை, அதாவது படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரம் வேண்டும் என்பதை, பாருங்கள். விகிதம் 1.5 என்றால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தூரம் வேண்டும். கூடத்தில் அவ்வளவு தூரம் இல்லையென்று மாட்டும் நாளில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது குறுக்கே நடந்தால் நிழல் விழுமா என்பதையும் பாருங்கள்.

மூன்று மணி நேரப் பதிவை முழுதாக ஓடவிடுவதா, சுருக்குவதா? நீளம்தான் வேலையின் உயிர் என்றால் முழுதாக ஓடட்டும். ஆனால் உட்கார ஒரு பெஞ்சு போடுங்கள், மொத்த நேரத்தை லேபிளில் எழுதுங்கள். அப்படி இல்லையென்றால் பத்து நிமிடத்துக்குள் வெட்டுங்கள். வெட்டும்போது இசை சேர்க்காதீர்கள். நிகழ்ந்த இடத்தின் சத்தம், யாரோ இருமுவது, கதவு சாத்துவது எல்லாம் இருக்கட்டும். அவைதான் அது நிஜமாக நடந்ததைச் சொல்கின்றன.

மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்கும் மீடியா பிளேயர் வாங்குங்கள். ஒரு கண்காட்சியில் இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனார்கள். காலையில் போட்டபோது பிளேயர் ஓடவில்லை. திரையில் நீல நிறம் மட்டும் நின்றது. நான் மூன்றாம் நாள் போனபோது ஒரு பெண் அந்த நீலத் திரை முன்னால் பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அதுதான் படைப்பு என்று நினைத்திருந்தார். இரண்டு நாள் வந்து போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று கூடத்துக்கு வெளியே.

8. மிஞ்சும் பொருட்கள்

நிகழ்த்திய பிறகு மிஞ்சுபவை, அதாவது உடை, கயிறு, உடைந்த நாற்காலி, தரையிலுள்ள தடம், இவற்றை வைப்பதா வேண்டாமா என்பதை நிகழ்த்தும் முன்பே முடிவு செய்து, தாளில் படம் வரைந்து காட்டுங்கள்.

ஏன் என்றால், ஒரு இளம் கலைஞர் கணுக்காலில் கரித்துண்டுகளைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் தரையில் ஊர்ந்தார். வெள்ளைத் தரை முழுக்க வளைந்து வளைந்து கரிக்கோடுகள். அந்தத் தரைதான் மீதி மூன்று வாரக் கண்காட்சி. மறுநாள் காலை நாங்கள் போனபோது வாசலில் ஒரு வாளி நின்றது. தண்ணீர் மை மாதிரி கருத்திருந்தது. உள்ளே தரை பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தது. துடைத்தவர்மேல் ஒரு தவறும் இல்லை. தரை அழுக்காக இருந்தது, துடைத்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் செய்வது இது: சுத்தம் செய்பவரை நேரில் பார்த்துப் பேசுவேன், எதைத் தொடக்கூடாது என்று கையால் காட்டுவேன், நிகழ்த்துதல் முடிந்த அன்றிரவே தரையில் டேப் ஒட்டி எல்லை போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

அழுகும், உருகும், ஈரம் உறிஞ்சும் பொருட்களை ஒரு வாரம் முன்பே வீட்டில் வைத்துச் சோதியுங்கள். உப்பு ஈரக்காற்றில் கசியும். மரப் பீடத்தில் கறை படியும், இரும்பு துருப்பிடிக்கும். மாறுவதுதான் வேண்டும் என்றால் நல்லது, அடியில் தட்டு வையுங்கள்.

9. சுவர் உரையும் லேபிளும்

சுவர் உரை 150 சொல்லுக்குள் இருக்கட்டும். என்ன நடந்தது, எங்கே, எவ்வளவு நேரம், யார் முன்னால் என்பதை முதலில் சொல்லுங்கள். என்ன அர்த்தம் என்பதைக் கடைசியில், முடிந்தால் சொல்லாமலே விடுங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். உடல், அதிகாரம், நினைவு என்று பத்து வரி இருக்கும். அந்த மனிதர் என்ன செய்தார் என்பது இருக்காது. “மூன்று மணி நேரம் ஒரு கயிற்றை அவிழ்த்தேன்” என்று எழுதினால் போதும், படிப்பவர் மீதியை யோசிப்பார்.

லேபிளில் நிகழ்த்திய ஆண்டையும் பிரிண்ட் எடுத்த ஆண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒளிப்படக் கலைஞரின் பெயரைச் சேருங்கள். எழுத்தளவு 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறைய வேண்டாம்.

அடுத்த நிகழ்த்துதல் எப்போது என்ற பலகை வாசலிலேயே இருக்கட்டும்.

10. முழு நீள ஒத்திகை

நான்கு மணி நேர வேலையை இருபது நிமிடம் செய்து பார்ப்பதை ஒத்திகை என்று சொல்ல முடியாது. ஒரு முறையாவது முழு நேரமும், அதே உடையில், முடிந்தால் அதே தரையில் செய்யுங்கள். வேறு யாரும் வேண்டாம், உங்களைக் கவனிப்பவர் மட்டும் இருக்கட்டும். தாகம் எப்போது வருகிறது, கை எப்போது நடுங்குகிறது, சலிப்பு எப்போது வருகிறது என்று அவர் நேரம் குறிக்கட்டும். என் அனுபவத்தில் சலிப்புக்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான் நல்லது ஏதாவது நடக்கும். அதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் திறப்பு நாளில் பயந்து வேகத்தைக் கூட்ட மாட்டீர்கள்.

ஒத்திகைக்கும் நிகழ்த்தும் நாளுக்கும் நடுவே குறைந்தது நான்கு நாள் ஓய்வு விடுங்கள்.

11. மாட்டும் வாரம்

வரிசை இதுதான்: பழைய துளைகளை அடைத்துச் சுவருக்குப் பெயின்ட், அது காய ஒரு நாள், ப்ரொஜெக்டரும் வயர்களும், பெரிய பொருட்கள், சுவர்ப் படங்கள், விளக்கு, லேபிள். விளக்கைப் படங்களுக்கு முன் திருப்பினால் மறுபடி ஏணி ஏற வேண்டும். லேபிளை விளக்குக்கு முன் ஒட்டினால் அது நிழலில் விழும்.

படங்களின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். எல்லாவற்றையும் முதலில் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை பார்த்த பிறகு ஆணி அடியுங்கள்.

நிகழ்த்தும் இடத்துக்குப் பக்கத்தில் அதே நிகழ்த்துதலின் பழைய படத்தை மாட்டாதீர்கள். நீங்கள் அங்கே நிற்கும்போது பார்வையாளரின் கண் உங்களிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து உங்களுக்கும் ஓடி, ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மாட்டும் வேலையைத் திறப்புக்கு முந்தைய நாள் மதியத்தோடு முடித்துவிடுங்கள். ஏணியில் ஏறி இறங்கிய உடலோடு அன்றே நிகழ்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே தோள் தொங்கிவிடும்.

12. திறப்பு நாளும் மறுநாள் காலையும்

நிகழ்த்துவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் யாரோடும் பேச வேண்டாம். விருந்தினரை வரவேற்பது கூடத்துக்காரரின் வேலை. பேச்சும் சிற்றுண்டியும் வேறு அறையில், அல்லது நிகழ்த்துதல் முடிந்த பிறகு நடக்கட்டும். தட்டும் டம்ளருமாகக் கூட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் செய்வது பின்னணியாகிவிடும்.

பதிவு செய்ய இரண்டு கேமரா போதும்: ஒன்று ஸ்டாண்டில், நகராமல், முழு அறையும் தெரிய, இன்னொன்று கையில். கையில் வைத்திருப்பவர் எங்கே வரை வரலாம் என்று முன்பே கோடு போடுங்கள். பார்வையாளருக்கும் உங்களுக்கும் நடுவே குனிந்து ஓடும் கேமராக்காரர் எந்த நல்ல மௌனத்தையும் உடைத்துவிடுவார்.

முடிந்ததும் நிகழ்த்திய இடத்தை இரவே ஒரு முறை படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கூடம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். வாசலிலிருந்து, முதன்முறை வருகிறவர் போல உள்ளே நடந்து பாருங்கள். நேற்று நீங்கள் நின்ற இடம் இப்போது எப்படித் தெரிகிறது? வெறுமையாகத் தெரிந்தால் அந்த வெறுமை பேசுகிறதா, அல்லது ஏதோ எடுத்துவிட்டுப் போனது போல இருக்கிறதா? ஒரு விளக்கைத் திருப்புவது, ஒரு பொருளை இரண்டடி நகர்த்துவது போன்ற திருத்தங்களை அந்த ஒரு மணி நேரத்தில் செய்துவிடுங்கள். கண்காட்சி உண்மையில் திறப்பது அப்போதுதான்.

13. திறந்திருக்கும் நாட்கள்

கூடத்தின் ஊழியருக்கு ஒரே பக்கத்தில் ஒரு தாள் கொடுங்கள். காலையில் எதை எந்த வரிசையில் போடுவது, மாலையில் எதை அணைப்பது, எதைத் தொடக்கூடாது, எது உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, “கலைஞர் எங்கே?” என்று கேட்டால் என்ன சொல்வது. கடைசிக் கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். ஊழியர் ஒருவர் அதற்கு மிக அழகாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டால், அவரும் கண்காட்சியின் ஓர் அங்கமாகிவிடுகிறார்.

வாரம் இருமுறையாவது சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஹெட்ஃபோன் உறையை மாற்றுங்கள், லேபிள் உரிந்திருந்தால் ஒட்டுங்கள். இரண்டாவது, மூன்றாவது நிகழ்த்துதலின் மிச்சங்களை முந்தையவற்றோடு சேர்ப்பதா, மாற்றுவதா என்று முன்பே முடிவு செய்தபடி செய்யுங்கள். அன்றைய களைப்பில் புதிதாக முடிவெடுக்க வேண்டாம்.

14. படைப்புகளை இறக்கும் நாள்

ஒவ்வொரு பொருளையும் இறக்கும் முன் அதன் இப்போதைய நிலையை நாலு பக்கமும் படமெடுங்கள். விரிசலோ கறையோ இருந்தால் கூடத்துக்காரர் முன்னாலேயே குறித்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நிகழ்த்துதலின் மிச்சங்களை அமிலமில்லாத தாளில் சுற்றி, பெட்டியின் மேல் நிகழ்த்திய தேதி, நேரம், இடம், எந்தப் பொருள் எதன் மேல் எப்படிக் கிடந்தது என்ற வரைபடம் எல்லாவற்றையும் ஒட்டுங்கள். பெட்டியை மூடிய ஒரு வருடம் கழித்து அந்தக் கயிறு வெறும் கயிறாகத்தான் தெரியும்.

கொண்டுபோக முடியாததை, தரைத் தடம், சுவரில் பட்ட கைரேகை போன்றவற்றை, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துவிட்டு, நீங்களே துடையுங்கள்.